ஒற்றை இடத்துக்காக ஒன்பது ஊர்கள்: ஒரு பிரெஞ்சு கோல்கீப்பரின் இருபது ஆண்டுகள்

## ஆய்வின் எல்லை

கால்பந்தில் மற்றப் பத்துப் பேருக்கும் உள்ள ஒரு வசதி கோல்கீப்பருக்கு இல்லை. தற்காப்பு ஆட்டக்காரருக்கு நடுவில் இடமில்லை என்றால் ஓரத்தில் ஆட விடலாம். முன்கள ஆட்டக்காரரைக் கடைசி இருபது நிமிடத்துக்கு இறக்கிப் பார்க்கலாம். கோல்கீப்பருக்கு அப்படி ஓர் இடைவழி கிடையாது. முதலாமவர் அடிபட்டாலோ, வெளியேற்றப்பட்டாலோ, அவருடைய ஆட்டம் சரிந்தாலோ மட்டுமே இரண்டாமவருக்கு வேலை வரும். அதுவரை அவர் வாரம் முழுவதும் பயிற்சி செய்துவிட்டு, ஆட்ட நாளன்று பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த பிரெஞ்சு கோல்கீப்பர் ஒருவரை 'கால் தரிக்காதவர்' என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அந்தச் சொல் எங்கே பொருந்தியது, எங்கே பொருந்தவில்லை என்பதை 1981 முதல் 2001 வரை ஆண்டு வரிசையில் பார்ப்பதே இந்த ஆய்வு.

இது நடந்த ஒரு தொழில் வாழ்க்கை. கிளப்புகள், ஆண்டுகள், ஆட்ட முடிவுகள் யாவும் உள்ளபடியே தரப்பட்டுள்ளன. ஆட்களின் பெயரை மட்டும் எழுதவில்லை. பெயர் தெரிந்த மாத்திரத்தில் கதையைப் பின்னாலிருந்து முன்னாகப் படிக்கத் தொடங்கிவிடுகிறோம். அப்படிப் படித்தால் 1990-இல் ஒருவர் எடுத்த சாதாரண முடிவுகூட 1998 உலகக் கோப்பையைக் கணக்கிட்டு எடுத்தது போலத் தோன்றிவிடும். எந்த முடிவுக்கும் காரணம் இன்னதென்று நான் எழுதும் இடங்களில், அது நிகழ்வுகளின் வரிசையிலிருந்து நான் வந்தடைந்த கருத்து என்று கொள்ள வேண்டும்.

## பின்னணி

அவர் 1963-இல் பிரான்சின் தூர் நகரை ஒட்டிய சேன் சம்ஃபோரியன் என்ற ஊரில் பிறந்து, தென்னமெரிக்காவின் வடகிழக்கு ஓரத்திலுள்ள பிரெஞ்சு கயானாவில் வளர்ந்தவர். கயானா சட்டப்படி பிரான்சின் ஒரு பகுதிதான்; ஆனாலும் அதன் தலைநகரான காயேனுக்கும் பாரிசுக்கும் நடுவே அட்லாண்டிக் பெருங்கடலும் ஏறத்தாழ 7,000 கிலோமீட்டரும் கிடக்கின்றன. அங்கே தொழில்முறை கிளப் எதுவும் இல்லை. பதினெட்டு வயதில், 1981-இல், அவர் வடக்கு பிரான்சிலுள்ள லீல் கிளப்புக்கு வந்து சேர்ந்தார்.

அன்றைய பிரெஞ்சு அமைப்பை இங்கே சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1973-இல் வந்த தொழில்முறைக் கால்பந்து ஒப்பந்தத்தின்படி, பெரிய கிளப்புகள் ஒவ்வொன்றும் இளம் ஆட்டக்காரர்களுக்கான பயிற்சி மையம் நடத்தக் கடமைப்பட்டிருந்தன. ஆட்டக்காரர்கள் சிறு வயதிலேயே அந்த மையங்களில் சேர்ந்து, அங்கேயே தங்கிப் படித்துப் பழகி, பதினெட்டு வயதில் ஏறக்குறைய முழுமை பெற்று வெளியே வருவார்கள். நம் கோல்கீப்பரோ மற்றவர்கள் முடிக்கும் வயதில் தொடங்கியவர். மற்ற இடங்களில் ஆடுபவருக்கு இது பெரும் குறையாக இருந்திருக்கும். கோல்கீப்பர்கள் பொதுவாகவே தாமதமாகத் தேறுகிறவர்கள், முப்பதைக் கடந்தும் ஆடுகிறவர்கள் என்பதால், இவருக்கு அந்தத் தாமதத்தை ஈடுகட்டக் காலம் இருந்தது. ஆனால் காலம் இருந்தால் மட்டும் போதாது. ஆடக் கிடைக்கும் ஆட்டங்களும் வேண்டும். இந்த ஆய்வின் மையம் அதுதான்.

## லீலும் இரண்டு லோன்களும்: 1981–1989

லீல் எடுத்த முதல் நல்ல முடிவு, அவரைத் தன்னிடமே வைத்துக்கொண்டு பழக்குவதற்குப் பதிலாக லோனில், அதாவது ஒப்பந்தம் தன்னிடமே இருக்க, குறித்த காலத்துக்கு வேறு கிளப்பில் ஆட, வெளியே அனுப்பியது. முதலில் பிக்கார்தி பகுதியின் சிறு நகரமான அபேவில், பிறகு சுவிஸ் எல்லைக்கு அருகிலுள்ள பெசான்சோன் என்று தாழ்ந்த பிரிவில் இருந்த இரண்டு கிளப்புகளுக்கு அவர் போனார். இரண்டும் கூட்டமும் புகழும் இல்லாத இடங்கள்தான். ஆனால் ஒவ்வொரு வாரமும் அங்கே ஆட்டம் இருந்தது.

பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை கோல்கீப்பர் விஷயத்தில் சற்று அருகே சென்று பார்க்க வேண்டும். பயிற்சியில் பயிற்சியாளர் ஓரத்திலிருந்து பந்தை உயரத் தூக்கிப் போடுவார். கோல்கீப்பர் பாய்ந்து பிடிப்பார். மறுபடி போடுவார், மறுபடி பிடிப்பார். கைப்பழக்கம் வரும். ஆட்டத்தில் அதே பந்து வரும்போது இவருக்கு முன்னால் ஏழெட்டு உடல்கள் நெருக்கியடித்து நிற்கும், ஒருவர் வேண்டுமென்றே வழியை மறிப்பார், தன் அணியின் தற்காப்பாளரே பின்வாங்கி வந்து காலை மிதிப்பார். அந்த நெரிசலில், பந்து காலிலிருந்து கிளம்பிய நொடியிலேயே போவதா நிற்பதா என்று முடிவெடுத்து, போவதென்றால் உரக்கக் குரல் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். பாதி வழியில் மனம் மாறினால் பின்னால் வலை திறந்து கிடக்கும். இந்த முடிவெடுக்கும் பழக்கத்தைப் பயிற்சி மைதானம் கற்றுத்தராது. தவறு செய்து, கோல் வாங்கி, அடுத்த வாரமும் அதே இடத்தில் நின்று பழகினால்தான் வரும். இருபது வயதுக்காரர் ஒருவர் தவறு செய்ய இடம் கொடுத்தவை அபேவிலும் பெசான்சோனும்.

லீலுக்குத் திரும்பி வந்தபின் 1980-களின் நடுவிலிருந்து முதற்பிரிவில் ஆடத் தொடங்கி, கிளப்பின் முதல் கோல்கீப்பராக நிலைபெற்றார். 1989-இல் லாவாலுக்கு எதிரான ஆட்டத்தில் பெனால்டி ஒன்றைத் தானே அடித்துக் கோலும் ஆக்கினார். ஆனால் அன்றைய லீல் பட்டத்துக்குப் போட்டியிட்ட கிளப் அல்ல. ஐரோப்பியப் போட்டிகளும் அதற்கு எட்டவில்லை. தேசிய அணிக்கு ஆளெடுப்பவர்கள் பார்வையில் அது ஓர் ஒதுக்குப்புறத் தெரு. எட்டு ஆண்டுகள் அங்கே கழித்து, 26 வயதில், தேசிய அணியில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் அவர் அங்கிருந்து கிளம்பினார்.

## மூன்று சீசன், மூன்று கிளப்: 1989–1992

1989–90 சீசனில் மெட்ஸ். 1990–91-இல் பிரெஸ்ட். 1991–92-இல் லான்ஸ். 'கால் தரிக்காதவர்' என்ற முத்திரை இவர் மேல் விழுந்திருக்கக்கூடிய ஆண்டுகள் இவைதான். ஏட்டில் படிப்பவருக்கு இது ஒருவர் எங்கும் ஒட்டாமல் அலைந்ததாகவே தெரியும்.

நான் இதை வேறு விதமாக வாசிக்கிறேன். மூன்றுமே முதற்பிரிவுக் கிளப்புகள். மூன்றிலும் அவர் போனது முதல் கோல்கீப்பராக ஆடுவதற்கு. இவற்றைவிடப் பெரிய கிளப் ஒன்றில் இரண்டாமவராகச் சேர்ந்திருந்தால் சம்பளமும் பெயரும் கூடியிருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளில் அவருடைய ஆட்டத்தைப் பற்றி எழுத ஒன்றும் இருந்திருக்காது. இடம் மாறியபோதும் ஆட்டம் விடுபடவில்லை. கோல்கீப்பரின் இடமாற்றத்தை மதிப்பிடும்போது கிளப் மேலே போனதா கீழே போனதா என்று பார்ப்பதற்கு முன்னால், ஆடும் இடம் தொடர்ந்ததா அறுந்ததா என்று பார்க்க வேண்டும் என்பது இந்த மூன்று ஆண்டுகளிலிருந்து எனக்குத் தெளிவாகத் தெரிகிற ஒன்று.

மெட்ஸைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. அந்தக் கிளப்பின் மைதானத்துக்கும் இவர் பிறந்த ஊருக்கும் ஒரே பெயர் என்பது தற்செயலான ஒற்றுமை. பிரெஸ்ட் அப்படியல்ல. பிரான்சின் பிரித்தானிப் பகுதியின் மேற்கு முனையில், அட்லாண்டிக் காற்றும் மழையும் நேராக வந்து அறையும் துறைமுக நகரம் அது. உயரமாக வரும் பந்து அங்கே வந்த திசையிலேயே இறங்குவதில்லை. கோல்கீப்பர் ஓர் அடி தாமதித்துப் புறப்படக் கற்க வேண்டும். அந்த சீசனில் பிரெஸ்ட் பதினோராவதாக முடித்தது. ஆட்டக் கணக்குப்படி அது பாதுகாப்பான இடம். ஆனால் கிளப்பின் கடன் எல்லை மீறியிருந்தது; பிரெஞ்சு கிளப்புகளின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் அமைப்பு, 1991 கோடையில் பிரெஸ்டோடு போர்தோ, நீஸ் ஆகிய கிளப்புகளையும் நிதிக் காரணத்துக்காக இரண்டாம் பிரிவுக்கு இறக்கியது. அந்த ஆண்டின் இறுதியில், சீசன் நடுவிலேயே, பிரெஸ்டின் தொழில்முறை அணி கலைந்தது. அங்கே தங்கியிருந்த ஆட்டக்காரர்கள் நடு சீசனில் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று.

நம் கோல்கீப்பர் அதற்கு முன்பே, 1991 கோடையில், லான்ஸுக்கு மாறியிருந்தார். இந்த ஒரு மாற்றம் அந்த நேரத்தில் நடந்ததால்தான் அவருடைய ஆட்டத் தொடர் அறுபடவில்லை. லான்ஸ் நிலக்கரிச் சுரங்க நகரம். அந்தப் பகுதியின் கடைசிச் சுரங்கம் 1990 டிசம்பரில் மூடப்பட்டிருந்தது. கிளப்போ அப்போதுதான் முதற்பிரிவுக்குத் திரும்பியிருந்தது. வேலை போன ஊருக்கு அந்த அணி எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்பதை, ஊரின் மக்கள்தொகையை விஞ்சும் இருக்கைகள் கொண்ட அதன் மைதானமே சொல்லும். புதிதாக மேலே வந்த அணியின் கோல்கீப்பருக்கு வேலை அதிகம். அவர் அதைச் செய்தார். சீசன் முடிவில் பாரிசிலிருந்து அழைப்பு வந்தது.

## பாரிஸ், 1992

பாரிஸ் சான் ஜெர்மேன் கிளப்பை 1991-இல் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் எடுத்து நடத்தத் தொடங்கியிருந்தது. பணமும் எதிர்பார்ப்பும் ஒருசேர ஏறியிருந்தன. அதன் கோல்கீப்பர், 1986 உலகக் கோப்பையில் பிரேசிலுக்கு எதிராகப் பெனால்டியைத் தடுத்து நாடே கொண்டாடியவர், 1992-இல் ஓய்வு பெற்றார். அவருடைய இடத்தில் யாரை நிறுத்துவது என்பதுதான் கேள்வி.

கிளப் தேர்ந்தெடுத்தது 29 வயதான, தேசிய அணியில் ஒருமுறைகூட ஆடாத, முந்தைய மூன்று ஆண்டில் மூன்று கிளப் மாறிய நம் கோல்கீப்பரை. இதைத் துணிச்சல் என்று எழுதுவது எளிது. எனக்கு இது நிதானமான தேர்வாகவே படுகிறது: இருபத்தொன்பது வயதில், பல ஆண்டு முதற்பிரிவு ஆட்டம் கையில் இருக்கும் ஒரு கோல்கீப்பரை, ஒரு பெரிய பெயரின் இடத்தில் நிறுத்தினால், அடுத்த ஐந்தாறு ஆண்டுகளுக்கு அந்தக் கேள்வி எழாது.

அதே 1992 கோடையில் ஆட்ட விதியும் மாறியது. சக ஆட்டக்காரர் வேண்டுமென்றே காலால் பின்னோக்கித் தரும் பந்தை கோல்கீப்பர் கையால் எடுக்கக்கூடாது என்ற விதி அந்த சீசனிலிருந்து நடைமுறைக்கு வந்தது. பத்தாண்டுகளாகக் குனிந்து கையில் அள்ளிய பந்தை இனி ஓடிவரும் எதிராளியின் முன்னால் காலால் அடித்து அகற்ற வேண்டும். எல்லா கோல்கீப்பர்களும் ஒரே நாளில் மறுபடி மாணவர்களானார்கள். பழைய இடத்தில் பழைய தற்காப்பாளர்களோடு ஊறிப்போனவர்களுக்குப் பழக்கத்தை உடைக்க வேண்டியிருந்தது. ஆண்டுதோறும் புதிய தற்காப்பாளர்களோடு புதிதாகப் பேசிப் பழகியவருக்கு அது நான்காவது முறையாகத் தொடங்குவது மட்டுமே. அலைச்சல் கொடுத்த பயன் என்று நான் ஒன்றைச் சுட்டுவதானால் இதைத்தான் சுட்டுவேன்.

விளைவுகள் வேகமாக வந்தன. 1993-இலும் 1995-இலும் பிரெஞ்சுக் கோப்பை, 1994-இல் லீக் பட்டம், 1996-இல் பிரசல்ஸில் ரேபிட் வியன்னாவை 1–0 என்று வென்று நாட்டுக் கோப்பை வென்ற கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பை. தேசிய அணியில் அவருடைய முதல் ஆட்டம் 1993 பிப்ரவரி 17 அன்று டெல் அவிவில் இஸ்ரேலுக்கு எதிராக. பிரான்ஸ் 4–0 என்று வென்றது.

## 1993 நவம்பர் 17

அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில், 1994 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற, பிரான்சுக்குச் சொந்த மண்ணில் நடக்கும் கடைசி இரண்டு ஆட்டங்களில் ஒரே ஒரு புள்ளி போதுமானதாக இருந்தது. பிப்ரவரியில் நான்கு கோல் வாங்கிய இஸ்ரேல், அக்டோபரில் பாரிசில் கடைசி நேரத்தில் கோல் அடித்து 3–2 என்று வென்றது. நவம்பர் 17 அன்று அதே மைதானத்தில் பல்கேரியாவுடன் 1–1 என்ற நிலையில் ஆட்டம் கடைசி நிமிடத்துக்கு வந்தது.

பிரான்ஸ் பந்தை எதிரணியின் மூலைக்கொடியருகே வைத்துக்கொண்டு நேரத்தைக் கழித்திருக்கலாம். அதற்குப் பதிலாக உள்ளே தூக்கி அடித்த பந்து எல்லோரையும் தாண்டிப் போய் பல்கேரியாவிடம் சேர்ந்தது. சில நொடிகளில் அது மறு முனைக்கு வந்தது. வலப்பக்கமாக ஓடிவந்த முன்கள ஆட்டக்காரர் குறுகலான கோணத்திலிருந்து ஓங்கி அடித்தார். பந்து மேலெழுந்து, கோல்கீப்பரைக் கடந்து, குறுக்குக் கம்பத்தின் அடிப்பகுதியில் பட்டு வலைக்குள் இறங்கியது. 2–1. பிரான்ஸ் உலகக் கோப்பைக்குப் போகவில்லை.

அருகிலிருக்கும் கம்பத்தின் பக்கம் கோல் வாங்கினால் பழி கோல்கீப்பருடையது என்பது கால்பந்தில் ஊறிப்போன வழக்கு. ஆயினும் அந்தப் பந்தில் கை வைக்கும் அளவுக்கு நேரம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தவறு மைதானத்தின் மறுமுனையில் தொடங்கியது. இங்கே முக்கியமான முடிவு அதற்குப் பிறகு எடுக்கப்பட்டது. பயிற்சியாளர் மாறினார், அணியில் பலர் மாறினர். புதிய பயிற்சியாளர் கோல்கீப்பரை மட்டும் மாற்றவில்லை. தேசிய அணிகள் மோதும் 1996 ஐரோப்பியக் கோப்பையில் அவரே முதல் கோல்கீப்பர். குழுச் சுற்றில் பல்கேரியாவை பிரான்ஸ் 3–1 என்று வென்றது. கால் இறுதியில் நெதர்லாந்துடன் பெனால்டி வரை சென்றபோது அவர் ஒன்றைத் தடுத்தார். அரை இறுதியில் செக் குடியரசிடம் பெனால்டியில் பிரான்ஸ் தோற்றது. ஐந்து ஆட்டங்களின் ஆட்ட நேரத்தில் அவர் விட்ட கோல்கள் இரண்டே.

## இடம் கைவிட்டுப் போனது: 1997–98

1997 தொடக்கத்தில் நடந்த பரிசோதனை ஒன்றில் அவருடைய மாதிரியில் கஞ்சா இருப்பது தெரிந்து, அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. அந்தக் கோடையில் பாரிஸ் கிளப் வேறொரு கோல்கீப்பரை வாங்கியது. 1997–98 சீசனின் முதல் பாதியில், 34 வயதில், அவருக்கு நிற்க ஓர் இடம் இல்லாமல் போனது.

தேசிய அணியில் அவருடைய இடத்தைப் பிடித்தவர் எட்டு வயது இளையவர், 1997-இல் மொனாக்கோவோடு லீக் பட்டம் வென்றவர். இந்த ஆய்வில் நான் அதிக நேரம் நின்று யோசித்த இடம் இது. ஏனென்றால் அந்த இளையவரும் 1996-இல் இதே பொருளுக்காகத் தடை பெற்றவர்தான். குற்றம் ஒன்று. இளையவர் 24 வயதில் அந்தத் தடையைச் சந்தித்தார். தடை முடிந்ததும் அவருடைய கிளப்பில் அவர் இடம் அவருக்காக இருந்தது. மூத்தவர் திரும்பியபோது அவருடைய இடத்தில் வேறொருவர் நின்றார். ஆகவே அவரை வீழ்த்தியது தடையின் காலம் மட்டுமல்ல, அதன் பின்னால் ஆட்டமில்லாமல் கழிந்த மாதங்கள்.

அவர் செய்தது தனக்கு ஏற்கெனவே தெரிந்த வழி. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அபேவிலுக்குப் போனது போலவே, இம்முறை லண்டனின் வெஸ்ட் ஹாமுக்கு லோனில் போனார். பட்டங்கள் வென்று, ஐரோப்பிய கிளப் கோப்பை ஒன்றைக் கையில் ஏந்தியபின், வேறு நாட்டு லீகில், அரை சீசனுக்கு, ஆட்டம் வேண்டும் என்பதற்காகப் போவது எல்லோரும் எடுக்கும் முடிவல்ல. நான் அதை மதிக்கிறேன். 1998 உலகக் கோப்பைக்கான 22 பேரில் அவர் இருந்ததற்கு அந்த அரை சீசன் உதவியது என்றே கருதுகிறேன்.

அந்தப் போட்டியில் 1 என்ற எண் பொறித்த சட்டை அவருக்குத் தரப்பட்டது. ஆடிய கோல்கீப்பரின் சட்டையில் இருந்தது 16. பிரான்ஸ் ஏழு ஆட்டங்கள் ஆடி உலகக் கோப்பையை வென்றது. முதல் எண் போட்டவர் ஒரு நிமிடம்கூட மைதானத்தில் இறங்கவில்லை.

## கடைசி ஆண்டுகள்: 1998–2001

பாரிசுக்குத் திரும்பி மேலும் இரண்டு சீசன். 2000 ஐரோப்பியக் கோப்பையில், அடுத்த சுற்றுக்குத் தகுதி உறுதியான பின், ஆம்ஸ்டர்டாமில் நெதர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் 37 வயதில் அவர் இறங்கினார். பிரான்ஸ் 3–2 என்று தோற்றது, பிறகு கோப்பையை வென்றது. பின்னர் ரென் கிளப்பில் ஒரு சீசன் ஆடி, 2001-இல் 44 தேசிய ஆட்டங்களோடு ஓய்வு பெற்றார்.

## எதை மாற்றியிருக்கலாம்

முதலாவது, 1989-க்கு முந்தைய ஆண்டுகள். லோனில் அனுப்பியது சரி. ஆனால் எட்டு ஆண்டுகள் ஒரே கிளப்போடு கட்டுண்டிருந்தது அதிகம். இன்று ஃபிஃபா 2022-இல் கொண்டுவந்த விதிகளின்படி பன்னாட்டு லோன் ஓராண்டுக்கு மேல் போகக்கூடாது, ஒரு கிளப் வெளியே அனுப்பும் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு உண்டு. ஆனால் தன் மையத்தில் வளர்த்த இளையவர்களுக்கு அந்த உச்சவரம்பு பொருந்தாது. அதாவது இளம் கோல்கீப்பர் ஒருவர் இன்றும் பல லோன்களில் சுற்ற முடியும். அப்படி அனுப்பும்போது, திரும்பி வரும் தேதியோடு, வந்தபின் எந்த மாதத்துக்குள் 'நீதான் முதலாமவர்' என்றோ 'வேறு கிளப் பார்' என்றோ சொல்லப்படும் என்பதையும் எழுத்தில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, பிரெஸ்ட். அங்கே சேர்வதற்கு முன் கிளப்பின் கடன் நிலையை வெளியாள் ஒருவரைக் கொண்டு விசாரித்திருக்க வேண்டும் என்று நான் சொல்வேன். அவர் தப்பியது சில மாத இடைவெளியில்தான். நடு சீசனில் கிளப் கலைந்தால் மற்ற ஆட்டக்காரர்களைவிட கோல்கீப்பருக்குத்தான் பாதிப்பு அதிகம், ஏனெனில் டிசம்பரில் எந்தக் கிளப்பிலும் அந்த ஒற்றை இடம் காலியாக இருப்பது அரிது.

மூன்றாவது, 1997 கோடை. தடை உறுதியான நாளிலேயே, அது முடியும் தேதியைக் கணக்கிட்டு, அந்தத் தேதியில் ஆடக் கிடைக்கும் ஒரு கிளப்பைத் தேடத் தொடங்கியிருக்க வேண்டும். லண்டனுக்குப் போனது சரியான முடிவு; அது வந்தது ஏறத்தாழ ஆறு மாதம் தாமதமாக. அந்த ஆறு மாதங்களில் மொனாக்கோவின் கோல்கீப்பர் வாரந்தோறும் ஆடிக்கொண்டிருந்தார்.